பாவமன்னிப்பு: உருதுவும் அல்ல, பொறுத்தலும் அல்ல

‘மன்னிப்பு’ உருதுச் சொல்லாம், ‘பொறுத்தருள்க’ என்பதுதான் தமிழாம். பெரும்பாலும் தனித்தமிழ் அறிஞர் தேவநேயப் பாவாணரின் பெயரையும் ஒட்டிக்கொண்டு வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்த வரியை இதுவரை பார்த்தும் பார்க்காமல் விட்டிருந்தேன். இந்தத் தவக்காலத்தில் (ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலம்) கைக்கு வந்த ஒரு தேவாலய வழிபாட்டுத் தாளிலோ, ‘பாவமன்னிப்பு’ வரவேண்டிய இடமெல்லாம் ‘பாவப் பொறுத்தருளல்’ என்று அச்சாகியிருந்தது. வாட்ஸ்அப் வரி வழிபாட்டுக்குள்ளேயே வந்துவிட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் உருது விஷயத்தை முடித்துவிடலாம். உருதுவில் ‘மாஃபி’, அதற்கு மூலம் அரபு. அந்தச் சொல் தெற்கே வராமல் இல்லை. வந்தது, ‘மாப்பு’ என்ற உருவத்தில். மலையாளத்தில் இன்றைக்கும் மன்னிப்புக்கு மாப்பு என்றுதான் பெயர். ‘மாஃபி’ இங்கே வந்து ‘மன்னி’ ஆனதென்றால் அந்த ஃப எங்கே போயிற்று, இரண்டு னகரம் எங்கிருந்து முளைத்தது என்று யாராவது சொல்ல வேண்டும். தெலுங்கில் ‘மன்னிஞ்சு’, கன்னடத்தில் ‘மன்னிசு’. இரண்டுக்குமே மதித்தல், மன்னித்தல் என்று இரு பொருளும் உண்டு. வடமொழி ‘மான்ய’த்தோடு உறவு என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. வரியில்லாமல் விட்ட நிலத்தை மானியம் என்றார்களே, அதே மான்யம். ஆகவே தனித்தமிழ் அன்பர்கள் வடசொல் என்று இதைத் தள்ளினால் அது ஒரு கட்சி, நின்று வாதாடலாம். உருது என்று தள்ளுவதற்கு வழியில்லை.

சரி, பொருளுக்கு வருவோம். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் பாவமன்னிப்புக்கு உள்ள சொல் ‘அஃபெசிஸ்’. விட்டுவிடுதல், போகவிடுதல் என்று அர்த்தம். லூக்கா 4:18இல் சிறைப்பட்டவர்களுக்கு ‘விடுதலை’ என்று வரும் இடத்திலும் இதே சொல்தான். கடனை விட்டாலும் கைதியை விட்டாலும் பாவத்தை விட்டாலும் ஒரே சொல். மனத்தில் வைத்துச் சகித்துக்கொள்ளும் பொருள் அதில் கிடையாது.

பொறுத்தலுக்கும் மன்னித்தலுக்கும் என்ன வித்தியாசம், இரண்டும் ஒன்றுதானே என்பவர்கள் மத்தேயு 18ஆம் அதிகாரத்தை ஒருமுறை திறந்து பார்க்கட்டும். ஊழியக்காரன் ஒருவன் ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து பாக்கி. ஒரு தாலந்து என்பது ஏறக்குறைய 6,000 தினாரி, ஒரு தினாரி ஒரு நாள் கூலி. கணக்குப் போட்டால் ஆறு கோடி நாள் கூலி வருகிறது, ஏழு தலைமுறை உழைத்தாலும் தீராது. அவன் காலில் விழுந்து கேட்பது என்ன? ‘என்னிடத்தில் பொறுமையாயிரும், எல்லாவற்றையும் உமக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்.’ அதாவது தவணை கேட்கிறான். ராஜா தவணை கொடுக்கவில்லை. ‘அவனை விடுதலைபண்ணி, கடனையும் அவனுக்கு மன்னித்துவிட்டான்.’ கேட்டது பொறுமை, கிடைத்தது மன்னிப்பு. இந்த இடத்தில் ‘கடனையும் பொறுத்தருளினான்’ என்று எழுதிப் பாருங்கள். கடன் அப்படியே நிற்கிறது, ராஜா காத்திருக்கிறார், வட்டி ஓடுகிறது. கதையே கவிழ்ந்துவிடும்.

பழைய மொழிபெயர்ப்பாளர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கிறது. ரோமர் 3:25இல், கடவுள் முற்காலத்துப் பாவங்களை உடனே தண்டிக்காமல் விட்டுவைத்ததைப் பவுல் சொல்கிறார். அங்கே கிரேக்கத்தில் ‘அஃபெசிஸ்’ இல்லை, ‘பாரெசிஸ்’ என்ற வேறு சொல். தமிழில் என்ன போட்டார்கள் தெரியுமா? ‘பாவங்களைத் தாம் பொறுத்துக்கொண்டதைக்குறித்து’. பொறுத்தது முன்பு, மன்னிப்பது சிலுவையில். சொல்லுக்குச் சொல் பிரித்து வைத்திருப்பதை ஒரு வாட்ஸ்அப் வரிக்காகக் குழப்பலாமா?

இதை விடப் பெரிய சங்கடம் இலக்கணத்தில் இருக்கிறது. மன்னி, மன்னிப்பு என்று போகிறதல்லவா. அதே வழியில் பொறு என்பதைப் பெயராக்கினால் ‘பொறுப்பு’ வரும். அப்போது பாவமன்னிப்பு ‘பாவப் பொறுப்பு’ ஆகிவிடும்! அது தமிழ்க் காதுக்கு நேர் எதிரான செய்தி: இந்தப் பாவத்துக்கு நீதான் பொறுப்பு. அதனால்தான் ‘பொறுத்தருளல்’ என்று வால் நீட்டி ஒட்டவேண்டி வந்தது. இப்படியே போனால் இலங்கைப் பத்திரிகைகள் எழுதும் ‘சர்வதேச மன்னிப்புச் சபை’யை (ஆம்னஸ்டி இன்டர்நேஷனல்) என்ன செய்வார்கள்? குடியரசுத் தலைவர் மரண தண்டனைக் கைதிக்கு வழங்கும் மன்னிப்பை? அவர் அந்தக் கைதியைப் ‘பொறுத்துக்கொள்வதாக’ச் சொன்னால் அவன் சிறையிலேயே இருக்க வேண்டியதுதான்.

‘பொறுத்தருளும்’ மேல் எனக்குப் பகை ஒன்றும் கிடையாது. கத்தோலிக்கப் பிரார்த்தனை மாலைகளின் முடிவில் ‘எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும் சுவாமி’ என்று ஊரே சேர்ந்து சொல்லும்போது அதன் தாழ்ச்சி வேறு எந்தச் சொல்லிலும் வராது. அதற்குப் பின்னால் தேவாரத் தமிழ் நிற்கிறது. ‘பிழையுளன பொறுத்திடுவர்’ என்று சுந்தரர் உரிமையோடு பாடிய சொல் அது. போதாததற்கு, எபிரெயத்தில் மன்னிப்பைக் குறிக்கும் வினைகளில் ஒன்றான ‘நாசா’வுக்குத் தூக்குதல், சுமத்தல் என்றே பொருள். பொறுத்தலுக்கும் தமிழில் சுமத்தல் என்ற பொருள் உண்டு. ஆனால் சுமப்பதோடு நிற்கவில்லை என்பதுதான் விஷயம். யோவான் 1:29இல் இயேசுவாகிய ஆட்டுக்குட்டி பாவத்தைச் ‘சுமந்துதீர்க்கிற’து என்று இரண்டு வினையைக் கட்டி வைத்தார்களே, அந்தத் ‘தீர்க்கிற’ பாதிதான் ‘பொறுத்தருளலி’ல் விழுந்துபோகிறது. வேண்டுதலில் பக்தன் பொறுத்தருளும் என்று கெஞ்சட்டும். கோட்பாட்டுக்குப் பெயர் வைக்கும்போது அது போதாது.

வள்ளுவரே பொறுத்தலோடு நிறுத்தவில்லை. ‘பொறுத்தல் இறப்பினை என்றும் அதனை மறத்தல் அதனினும் நன்று’ என்றார். பொறுத்தவன் மனத்தில் குற்றம் இன்னும் உட்கார்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். எரேமியா 31:34 அந்த மறத்தலைத்தான் கடவுளின் வாயில் வைக்கிறது: ‘அக்கிரமத்தை மன்னித்து, அவர்கள் பாவங்களை இனி நினையாதிருப்பேன்.’

உண்மையில் ‘மன்னிப்பு’ மெலிந்துபோனதற்கு உருது காரணமல்ல, நாம்தான் காரணம். பழைய பைபிளில் ‘எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்’, ‘இவர்களுக்கு மன்னியும்’ என்று நான்காம் வேற்றுமை வரும். கிரேக்கத்தின் நிழல் அதில் இருக்கலாம், இருந்தாலும் பொருள் துல்லியம்: கடனை ஒருவருக்கு விட்டுக்கொடுப்பது. இன்று ‘என்னை மன்னி’ என்கிறோம். கடன் காணாமல் போய் ஆள் மட்டும் நிற்கிறார். அப்புறம் ‘மன்னிக்கவும், ஏதோ தவறு நிகழ்ந்துவிட்டது’ என்று ஒவ்வொரு செயலியும் நாளுக்கு நாலு தடவை சொல்கிறது. ஆங்கிலத்தின் ‘சாரி’ வருகிற இடத்திலெல்லாம் யோசிக்காமல் ‘மன்னிக்கவும்’ போட்ட மொழிபெயர்ப்பாளர்கள் செய்த கைங்கரியம். ‘இணைப்பு கிடைக்கவில்லை’ என்று சொல்லிவிட்டுப் போனால் யார் கோபிக்கப் போகிறார்கள்? இதில் பழகிய பையனுக்கு, லூக்கா 7இல் பாவி என்று ஊர் அறிந்த ஒரு பெண்ணிடம் ‘உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டது’ என்றும் அடுத்த மூச்சில் ‘உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது’ என்றும் இயேசு சொல்வது எப்படிக் கனமாக விழும்? அங்கே மன்னிப்பும் இரட்சிப்பும் ஒரே நிகழ்ச்சி. சற்று முன்புதான் 500 காசுக்கும் 50 காசுக்கும் கடன்பட்ட இருவரின் கதையைச் சொல்லியிருந்தார். அதுவும் கடன் கதைதான்.

‘மன்னிப்பு’ வடசொல், வேண்டவே வேண்டாம் என்பவர்களுக்கு ‘பாவநீக்கம்’ இருக்கிறது. ‘பாவங்களை நீக்கி அவர்களை இரட்சிப்பார்’ என்று மத்தேயு முதல் அதிகாரத்திலேயே அதற்கு வித்து கிடக்கிறது. கறையை நீக்குவது போலக் கொஞ்சம் ஒலிக்கும், மன்னிக்கிறவரின் முகம் அதில் தெரியாது. இருந்தாலும் பொருள் கெடாது. அடுத்த ஆண்டு வழிபாட்டுத் தாளில் அதைப் போட்டால் நான் எதிர்க்க மாட்டேன்.