புது சர்வருக்கு மாறிய நாகியோஸ் ஏன் வாயே திறப்பதில்லை?

இந்த மாதத்தில் நான் பார்க்கும் மூன்றாவது சம்பவம் இது. ராத்திரி டேட்டாபேஸ் சர்வரில் டிஸ்க் நிரம்பி எல்லாம் நின்றுவிட்டது. காலையில் வாடிக்கையாளர் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் அட்மினுக்கே தெரிகிறது. சர்வர்களைக் கண்காணிக்கும் நாகியோஸ் மென்பொருளின் திரையில் அந்த வரி சிவப்பாகத்தான் இருந்தது. எச்சரிக்கை மெயில்தான் ஒன்றுகூடப் போகவில்லை. நான்கு நாள் முன்புதான் நாகியோஸைப் புது லினக்ஸ் சர்வருக்கு மாற்றியிருந்தார்கள்.

"கான்ஃபிக் எல்லாம் அப்படியே காப்பி பண்ணிட்டோம் சார், நோட்டிஃபிகேஷன் ஆன்லதான் இருக்கு" என்று ஃபைலைத் திறந்து காட்டுகிறார்கள். அந்த வரி இருக்கிறது, சரி. ஆனால் ஸ்டேட் ரிட்டென்ஷன் (கடைசி நிலையை நினைவில் வைக்கும் வசதி) இயங்கும் இடத்தில், நாகியோஸ் தொடங்கும்போது அந்த வரியைப் பொருட்படுத்தாது. கடைசியாக எந்த நிலையில் நின்றது என்று ரிட்டென்ஷன் ஃபைலில் எழுதி வைத்திருக்கும், அதையே எடுத்துக்கொள்ளும். வேலை முடியும்வரை தொல்லை வேண்டாம் என்று பழைய சர்வரில் நோட்டிஃபிகேஷனை நிறுத்தினீர்களே, அந்த நிறுத்தமும் ஃபைலோடு சேர்ந்து வந்துவிட்டது. எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் போகாது. வெப் பக்கத்தில் போய் ஆன் செய்ய வேண்டும். நிறுத்தப்பட்டிருக்கிறது என்று இடது மேல் மூலையில் சிவப்பு எழுத்தில் அதுவே சொல்கிறது. தயவுசெய்து அதைப் படியுங்கள்.

பச்சையைப் பார்த்தும் நிம்மதி அடையாதீர்கள். பழைய முடிவுகளும் அதே ஃபைலில்தான் வருகின்றன. புது சர்வர் ஒருமுறையாவது செக் செய்யும்வரை நீங்கள் பார்ப்பது பழைய சர்வரின் பச்சை. லாஸ்ட் செக் நேரம் மாற்றத்துக்குப் பிந்தையதா என்று வரி வரியாகப் பாருங்கள்.

அப்புறம் நாகியோஸ் சர்வரின் புது ஐபி. கண்காணிக்கப்படும் ஒவ்வொரு மெஷினிலும், நாகியோஸுக்காக அங்கே செக் செய்யும் என்ஆர்பிஇ ஏஜென்ட்டின் அலவுட் ஹோஸ்ட்ஸ் (யாரை அனுமதிப்பது என்ற பட்டியல்) வரியில் அதைச் சேர்த்து, ஏஜென்ட்டை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஃபயர்வாலில் 5666 போர்ட்டைத் திறந்துவிடுங்கள். ஐபியைச் சேர்க்காமல் விட்டால் பெரும்பாலும் எஸ்எஸ்எல் ஹேண்ட்ஷேக் (பாதுகாப்பான இணைப்பைத் தொடங்கும் கட்டம்) பிழைதான் வரும். அதை நம்பிச் சான்றிதழைத் தோண்டி ஒரு பகலையே தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய சர்வர் 32 பிட், புதியது 64 பிட் என்றால் கிராஃப் தரவைச் சேமிக்கும் ஆர்ஆர்டி ஃபைல்களை நேராகக் காப்பி செய்யக் கூடாது. டம்ப் எடுத்து ரீஸ்டோர் செய்யுங்கள்.

அனுப்பக் காத்திருக்கும் மெயில் க்யூவையும் ஒருமுறை திறந்து பாருங்கள். மெயிலை வெளியே கடத்தும் ரிலே சர்வருக்குப் போக வழியில்லை என்றால், மெயில் அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் வழக்கமாக 5 நாள்வரை சத்தமில்லாமல் முயன்றுகொண்டே இருக்கும்.

கடைசியாக, முக்கியமில்லாத ஒரு சர்வீஸை நீங்களே நிறுத்துங்கள். ராத்திரி டியூட்டியில் இருப்பவர் கைபேசிக்கு அலர்ட் வந்து சேர்ந்ததா என்று அவரிடமே கேளுங்கள். வந்தது என்று அவர் சொல்லும்வரை பழைய சர்வரை அணைக்காதீர்கள்.