கோச் லீச்சின் குடும்பம் எழுதிய ஒரு வரி

2022 டிசம்பர் 13, செவ்வாய்க்கிழமை காலை. இரவு முழுக்க ஒரு குடும்பத்தோடு இருந்துவிட்டு ஐசியூவிலிருந்து வெளியே வந்தேன். வென்டிலேட்டர்களைக் கவனித்துக்கொள்ளும் தெரபிஸ்ட் ஒருவர் கைபேசியைப் பார்த்தபடி சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார். ஆறடிக்கு மேல் உயரமான மனிதர். எத்தனையோ மரணங்களுக்குப் பக்கத்தில் நின்றவர். டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்பது எனக்குத் தெரியும். "கோச் போய்விட்டார்" என்றார். எந்த கோச் என்று கேட்கவில்லை. முந்தைய இரண்டு நாள்களாக ஊரே கல்லூரிக் கால்பந்துப் பயிற்சியாளர் மைக் லீச்சைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது.

அமெரிக்காவின் தென்மாநிலம் ஒன்றில் உறுப்பு தான ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். அதற்கு முன் பல ஆண்டுகள் ஐசியூ செவிலியர். இங்கே வந்த புதிதில் அமெரிக்கக் கால்பந்து எனக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. சனிக்கிழமைகளில் நோயாளிகளின் அறைத் தொலைக்காட்சிகளில் பார்த்துப் பார்த்துப் பழகியதுதான். கல்லூரி ஆட்டத்துக்கு எண்பதாயிரம் பேர், தொண்ணூறாயிரம் பேர் திரளும் ஊர்களில், அணியின் பயிற்சியாளர் பல வீடுகளில் சொந்தக்காரர் மாதிரி.

லீச்சின் கதையே விசித்திரம். வயோமிங் மாநிலத்தின் கோடி என்ற சிற்றூரில் வளர்ந்தவர். கல்லூரியில் கால்பந்து ஆடியதில்லை. பெப்பர்டைன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துப் பட்டம் வாங்கிவிட்டு, வக்கீல் தொழிலுக்குப் போகாமல் சொற்பச் சம்பளத்துக்குச் சின்னக் கல்லூரிகளில் பயிற்சியாளராகப் போனார். அயோவா வெஸ்லியன் என்ற கல்லூரியில் ஹால் மம்மி என்பவரோடு சேர்ந்து அவர் வளர்த்தெடுத்த ஆட்டமுறைக்கு 'ஏர் ரெய்ட்' என்று பெயர். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் முட்டி மோதி ஓடுவதுதான் அப்போதைய வழக்கம். இவர்கள் ஆட்களை மைதானத்தின் இரு ஓரம்வரை அகலமாகப் பரப்பி நிறுத்தி, யாருக்கு முன்னால் இடம் காலியாக இருக்கிறதோ அவருக்குப் பந்தை எறிந்தார்கள். ஆட்டத் திட்டங்கள் சொற்பம்தான். அந்தச் சொற்பத்தையே திரும்பத் திரும்பப் பயிற்சி செய்ய வைத்தார்கள். மற்றப் பயிற்சியாளர்கள் உணவக மெனு அட்டை மாதிரிப் பெரிய தாளோடு நிற்கும்போது, லீச் கையில் மடித்த ஒரு சிறு காகிதம் இருக்கும். பந்து ஒரே நட்சத்திர ஆட்டக்காரரிடம் போய்ச் சேரக்கூடாது, எல்லோர் கைக்கும் போக வேண்டும் என்பதில் அவருக்குப் பிடிவாதம் உண்டு.

2000 முதல் 2009 வரை டெக்சஸ் டெக், 2012 முதல் 2019 வரை வாஷிங்டன் ஸ்டேட், பிறகு மிசிசிப்பி ஸ்டேட். மொத்தம் 158 வெற்றிகள். மூன்றுமே பணக்கார, பெயர்பெற்ற அணிகளின் நிழலில் இருந்த அணிகள். 2008 நவம்பர் 1 அன்று லபக் நகரில் டெக்சஸ் டெக், டெக்சஸ் பல்கலைக்கழக அணியை 39-33 என்று வென்ற ஆட்டத்தை அந்தத் தெரபிஸ்ட் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். கடைசி ஒரு நொடி மிச்சமிருக்க, டெக்சஸ் டெக் ஆட்டக்காரர் கிராப்ட்ரீ பந்தைப் பிடித்து எல்லைக்குள் நுழைந்த கணத்தில் அவரும் அரங்கத்தில் இருந்தாராம். லீச்சின் வாழ்க்கையில் கசப்பான பக்கமும் உண்டு. காயம்பட்ட ஓர் ஆட்டக்காரரை நடத்திய விதம் பற்றிய புகாரில் 2009 இறுதியில் டெக்சஸ் டெக் அவரை நீக்கியது. அவர் அதை மறுத்து ஆண்டுக்கணக்கில் வழக்காடினார். அதையும் தெரிந்துகொண்டுதான் அந்த மனிதர் அழுதார்.

ஆட்டம் முடிந்து நிருபர்கள் ஏதாவது கேட்டால் கடற்கொள்ளையர் வரலாறு, கல்யாணத்துக்குத் தயாராகும் மாப்பிள்ளைக்கு அறிவுரை, எந்த மிட்டாய் நல்ல மிட்டாய் என்று பத்து நிமிடம் பேசுவார். நள்ளிரவில் அவரிடமிருந்து போன் வந்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து முடியாது என்று அவரிடம் வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். வாஷிங்டன் ஸ்டேட்டில் இருந்தபோது வீட்டிலிருந்து அலுவலகத்துக்குப் பல மைல் நடந்தே போய் வந்தவர். 2022 நவம்பர் 24, நன்றி தெரிவிக்கும் நாள் இரவில், பரம எதிரியான ஓல் மிஸ் (மிசிசிப்பி பல்கலைக்கழகம்) அணியை 24-22 என்று வென்றார். அதுதான் அவரது கடைசி ஆட்டம். டிசம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை, ஸ்டார்க்வில் வீட்டில் உடல்நிலை மோசமாகி ஜாக்சன் நகரிலுள்ள மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். மறுநாள் இரவு இறந்தார். இதயக் கோளாறின் சிக்கல்கள் என்று சொன்னார்கள். வயது 61.

குடும்பத்தின் அறிக்கை சில வரிகள்தான். அன்பான கணவர், தகப்பன், தாத்தா என்று சொல்லிவிட்டு, கடைசி ஈகையாக அவரால் உறுப்பு தானத்தில் பங்கெடுக்க முடிந்தது என்று எழுதியிருந்தார்கள். உலகமே மைதானத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், என் போன்றவர்கள் அந்த ஒரு வரியில் நின்றுவிட்டோம். அந்த வரிக்குப் பின்னால் எப்படிப்பட்ட இரவு இருந்திருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும்.

அந்த மருத்துவமனைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1963 ஜூன் 11 அன்று மருத்துவர் ஜேம்ஸ் ஹார்டி, உலகின் முதல் மனித நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சையை அங்கேதான் செய்தார். அந்த நோயாளி 18 நாள்கள் உயிர் வாழ்ந்தார். லீச் இறப்பதற்கு மூன்று மாதம் முன்பு, 2022 செப்டம்பரில், இந்த நாடு தன் பத்து லட்சமாவது உறுப்பு மாற்றுச் சிகிச்சையைத் தொட்டிருந்தது. அப்படியும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இன்னும் காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறார்கள். பெரும்பாலோர் சிறுநீரகத்துக்காக.

அந்த வாரம் தமிழ் நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்டார்கள்: "இதயக் கோளாறில் போனவர், 61 வயது. அவர் உறுப்பு யாருக்கு உதவும்?" இதே கேள்வியை ஐசியூ வாசலில் வாரந்தோறும் கேட்கிறேன். "எங்கப்பாவுக்குச் சர்க்கரை, பிரஷர் எல்லாம் இருக்கே, எதுக்கு உதவப்போகுது" என்று சொல்லிக் குடும்பமே முன்கூட்டி மறுத்துவிடும். லீச்சிடமிருந்து எந்த உறுப்பு யாருக்குப் போனது என்பது வெளியில் சொல்லப்படுவதல்ல. பொதுவாகச் சொல்கிறேன்: இதயம் பழுதானவரின் கல்லீரல் நன்றாக இருக்கலாம். சிறுநீரகம் நன்றாக இருக்கலாம். கண்ணின் கருவிழியைக் கிட்டத்தட்ட எந்த வயதிலும் கொடுக்கலாம். மிசௌரி மாநிலத்தில் 2024இல் இறந்த 98 வயது முன்னாள் ராணுவ வீரரின் கல்லீரல் இன்னொருவருக்குப் பொருத்தப்பட்டது. உதவுமா உதவாதா என்பதை அந்த நேரத்துப் பரிசோதனைகள் சொல்லும். வயதைப் பார்த்து நாமே தீர்ப்பு எழுத வேண்டாம்.

இன்னொரு பயமும் எனக்கு நன்றாகத் தெரியும். தானத்துக்குச் சம்மதித்திருந்தால் டாக்டர்கள் காப்பாற்ற மாட்டார்கள் என்ற பயம். சிகிச்சை செய்கிற மருத்துவர்கள் வேறு, உறுப்பு மாற்றுக் குழு வேறு. மரணத்தை அறிவிப்பதில் மாற்றுக் குழுவினருக்கு எந்தப் பங்கும் இல்லை, சட்டம் அனுமதிக்காது. உறுப்பு தானத்துக்கு வாய்ப்புள்ள விதத்தில் இறப்பவர்கள் ஆயிரத்தில் ஏறத்தாழ மூன்று பேர்தான். அதற்கே ஐசியூவில் கடைசிவரை முழுச் சிகிச்சை நடந்திருக்க வேண்டும். அரைகுறையாகக் கவனித்த உடலிலிருந்து எந்த உறுப்பும் உதவாது.

இப்போது நான் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதுகலை படிக்க வந்த ஒரு பையன். நம் தென்மாவட்டத்துக் குடும்பம். கார் விபத்து, தலையில் அடி. மூன்றாம் நாள் மூளைச்சாவு உறுதியானது. அவனுடைய டிரைவிங் லைசென்ஸில் சின்ன இதயக் குறி இருந்தது. இங்கே லைசென்ஸ் எடுக்கும்போது "உறுப்பு தானம் செய்ய விருப்பமா" என்று கேட்பார்கள். வரிசையில் நிற்கிற அவசரத்தில் பலர் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். பதினெட்டு வயது நிரம்பியவர் ஆம் என்று பதிந்திருந்தால், இங்கே அது அவருடைய முடிவு. குடும்பம் அதை மாற்ற முடியாது. இந்தியாவில் அட்டையில் கையெழுத்துப் போட்டிருந்தாலும், நடைமுறையில் கடைசியில் குடும்பத்தின் சம்மதம் வேண்டும். 2008இல் விபத்தில் மூளைச்சாவு அடைந்த மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தானம் செய்ய அவன் பெற்றோர் எடுத்த முடிவை நாம் இன்றும் கையெடுத்துக் கும்பிடுவது அதனால்தான்.

அந்தப் பெற்றோருக்கு விசா கிடைக்கவில்லை. வாட்ஸ்அப் வீடியோவில்தான் மகனைப் பார்த்தார்கள். தமிழ் தெரிந்தவள் என்று என்னை அழைத்தார்கள்.

"உசுரு இருக்குல்லாம்மா? நெஞ்சு ஏறி எறங்குதுல்லா?" என்றார் அந்த அம்மா.

"அது மிஷின் விடுற மூச்சும்மா" என்றேன். மிஷினைக் கழற்றிச் செய்யும் சோதனையைப் பற்றி விளக்கினேன். பத்து நிமிடம் அவன் ஒரு மூச்சுக்கூட எடுக்கவில்லை என்பதைச் சொல்லும்போது என் குரல் உடைந்தது.

பிறகு இதயக் குறியைப் பற்றிச் சொன்னேன். அப்பா நெடுநேரம் பேசவில்லை. "எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியேம்மா அவன்" என்றார். அவர் எதிர்க்கவில்லை. அவருக்கு வலித்ததெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான். தீபாவளிக்கு என்ன சட்டை எடுப்பது என்றுகூட அப்பாவிடம் கேட்கிற பிள்ளை, இதைச் சொல்லவில்லை. அவன் மனத்தில் என்ன இருந்தது, யோசித்துப் பதிந்தானா என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். என்னிடம் பதில் இல்லை. அன்றிரவு எங்களுக்குத் தெரிந்த சட்டம் எதுவும் அவருக்கு ஆறுதல் தரவில்லை. விடியும் நேரத்தில் அவனுடைய அறைத்தோழன் ஒருவன் சொன்னான்: லைசென்ஸ் வந்த அன்று அதை நீட்டி, "செத்தாலும் நாலு பேருக்குள்ள இருப்பேன்டா" என்று சிரித்தானாம். அதைக் கேட்ட பிறகுதான் அந்த அப்பா வாய்விட்டு அழுதார்.

அந்த ஒரு வாக்கியத்தைப் பெற்றவர்களிடமே சொல்லியிருந்தால்? வாசிக்கிற உங்களிடம் இதைத்தான் கேட்கிறேன். ஆம் என்றாலும் இல்லை என்றாலும், சாப்பாட்டு நேரத்தில் அபசகுனம் என்று தட்டினாலும், வீட்டில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

லீச் இறந்து மூன்று வாரம் கழித்து, 2023 ஜனவரி 2 அன்று, டாம்பாவில் மிசிசிப்பி ஸ்டேட் அணி இல்லினாயை எதிர்கொண்டது. தங்கள் முதல் ஆட்ட முறையில் அவருக்குப் பிடித்த அமைப்பில் அகலமாகப் பரவி நின்றார்கள். பந்தை எடுக்கவில்லை. கடிகாரம் ஓடி முடியும்வரை அப்படியே நின்றார்கள். தாமதத்துக்கு நடுவர் அபராதம் அறிவித்தார். தங்களுக்குச் சாதகமான அந்த அபராதத்தை இல்லினாய் அணி ஏற்க மறுத்துவிட்டது. தெரபிஸ்ட் நண்பர் அந்தக் காட்சியை எனக்குக் காட்டியபோது நான் அறுவை அரங்கை நினைத்துக்கொண்டேன்.

உறுப்புகளை எடுக்கும் முன் அங்கேயும் எல்லோரும் கையைக் கட்டி நிற்பார்கள். கருவிகள் அசையாது. குடும்பம் ஏதாவது எழுதிக்கொடுத்திருந்தால் ஒருங்கிணைப்பாளர் வாசிப்பார். அந்தப் பையனின் அப்பாவிடம் என்ன வாசிக்கட்டும் ஐயா என்று கேட்டிருந்தேன். யோசித்துவிட்டுச் சொன்னார்: "எம் புள்ளைக்குச் சின்ன வயசுலேருந்து ஊசின்னா பயம். மெதுவா செய்யச் சொல்லுங்கம்மா."

பதினோரு பேர் நின்றிருந்தோம். அதை ஆங்கிலத்தில் வாசித்தேன். பிறகு அவன் பக்கத்தில் போய்த் தமிழிலும் வாசித்தேன்.