ஷீ: ஒரு மேட்டின் பெயரும் அதில் குடியிருப்பவர்களும்

ஐரிஷ் தொன்மக் கதைகளுக்குள் நுழைபவர் தப்ப முடியாத சொல் ஷீ. பழைய ஐரிஷில் இதன் கடைசியில் மெல்லிய 'த்' ஒலி ஒன்று உண்டு. ஷீத் என்பதுபோல் இருக்கும். பேச்சில் அது தேய்ந்துபோன பிறகும் எழுத்தில் பல நூற்றாண்டுகள் நின்றது. 20ஆம் நூற்றாண்டின் எழுத்துச் சீர்திருத்தம் அதையும் நீக்கிவிட்டது. பழைய எழுத்துக்கூட்டலை மட்டும் பார்த்து இதைத் தமிழில் 'சிதே' என்று எழுதுவது சரியில்லை. ஷீ என்பதே இன்றைய உச்சரிப்பு.

தமிழ் வாசகர்களில் பலருக்கு இந்தச் சொல் பாதியாகத்தான் வந்து சேர்ந்திருக்கும். பேய்க்கதைகளில் வரும் 'பான்ஷீ'யின் பின்பாதி அது. ஆங்கிலத்தில் ஷீயை 'ஃபேரி' ஆக்கினார்கள். அதிலிருந்து தமிழுக்கு வரும்போது அது 'தேவதை' ஆகிவிடுகிறது. இந்த இரண்டு படிகளில் சொல்லின் முதல் பொருள் காணாமல் போய்விட்டது. ஷீ முதலில் ஓர் இடத்தின் பெயர். புல் மூடிய மேடு, அல்லது குன்று. அதற்குள் ஒரு வாழ்விடம் இருக்கிறது என்பது நம்பிக்கை. உள்ளே இருப்பவர்களுக்கு 'ஈஸ் ஷீ' என்று பெயர்: மேட்டு மக்கள். காலப்போக்கில் முன்சொல் உதிர்ந்து, ஷீ என்றாலே அந்த மக்களையும் குறிக்கத் தொடங்கியது. 'ஊரே திரண்டது' என்று நாம் சொல்லும்போது ஊர் என்ற இடப்பெயர் ஆட்களைக் குறிக்கிறதே, அதே வழிதான்.

இந்த வழக்கு எவ்வளவு பழையது என்பதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டீரகான் என்ற ஐரிஷ் ஆயர் புனித பேட்ரிக்கைப் பற்றி லத்தீனில் எழுதினார். அரசன் லோய்கரேயின் மகள்கள் எத்னேயும் ஃபெடெல்மும் விடியற்காலையில் க்ருவகன் என்ற பழைய அரச இருக்கைக்குப் பக்கத்து ஊற்றுக்கு வருகிறார்கள். அங்கே பேட்ரிக்கும் ஆயர்களும் கூட்டமாக இருக்கிறார்கள். இவர்கள் ஷீ ஆட்களா, மண்ணுக்குரிய தெய்வங்களா, வெறும் மாயத்தோற்றமா என்று அந்தப் பெண்கள் குழம்புகிறார்கள். லத்தீன் வாக்கியத்தின் நடுவே ஷீ என்ற ஐரிஷ் சொல்லை டீரகான் அப்படியே வைத்திருக்கிறார். அதற்கு ஈடான லத்தீன் சொல் அவருக்குக் கிடைக்கவில்லை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். பயம் வந்தபோது அந்தப் பெண்களின் மனதில் முதலில் எழுந்தது வானம் இல்லை, மண் என்பதையும் கவனிக்க வேண்டும்.

வேர்ச்சொல்லுக்கு வருவோம். மொழியியலாளர்கள் ஷீயை 'உட்கார்' என்ற பொருள் கொண்ட இந்தோ-ஐரோப்பிய வேரோடு இணைக்கிறார்கள். லத்தீனில் இருக்கை என்ற பொருளில் வரும் 'சேதேஸ்' அதே குடும்பம். சமஸ்கிருதத்தில் 'சத்' என்ற வினை; 'வித்வத் சதஸ்' என்று நாம் கேள்விப்படும் சதஸ் அதிலிருந்து வந்தது, உபநிடதத்தில் ஒளிந்திருப்பதும் அந்த வினைதான். ஆக, ஷீ என்பது அடிப்படையில் 'அமர்ந்திருக்கும் இடம்', தெய்வங்களின் இருக்கை. தமிழ் வேறு குடும்பத்து மொழி. ஆனாலும் பொருள் விரிந்த விதம் நமக்குப் பழக்கமானது. 'இரு' என்றால் உட்கார் என்றும் வசி என்றும் பொருள். அதனால்தான் இருக்கை என்ற சொல் ஆசனத்தையும் குடியிருப்பையும் சேர்த்துக் குறிக்கிறது.

பழைய ஐரிஷில் அதே வடிவில் இன்னொரு ஷீ உண்டு. அதற்குப் பொருள் அமைதி, சமாதானம். அயர்லாந்து காவல்துறையின் பெயர் 'கார்தா ஷீஹானா', அதாவது அமைதிக் காவலர். அதில் இருப்பது இந்த ஷீ. இரண்டும் ஒரே சொல்லா, ஒலியில் ஒத்துப்போன இரு சொற்களா என்ற விவாதம் நீண்டது. தோமாஸ் ஓ காஹசி என்ற அறிஞர் இரண்டுக்கும் உறவு உண்டு என்று வாதிட்டார். நல்ல அரசன் ஆளும்போது நாட்டில் நிலவும் அமைதியும் விளைச்சலும் மேட்டுக்குள் இருப்பவர்களின் இசைவால் வருபவை என்பது பழைய ஐரிஷ் அரசியல் நம்பிக்கை. பழங்கதை ஆசிரியர்களுக்கே இந்தச் சிலேடை தெரிந்திருந்தது. கொன்லா என்ற இளவரசனை அழைத்துப்போக வரும் பெண், தாங்கள் பெரிய ஷீயில் வாழ்வதால்தான் ஈஸ் ஷீ எனப்படுகிறோம் என்கிறாள். சண்டையே இல்லாத வாழ்வைப் பற்றிப் பேசிக்கொண்டு வரும்போது அவள் இதைச் சொல்வதால், மேடு, அமைதி என்ற இரண்டு பொருளும் ஒரே நேரத்தில் கேட்கின்றன.

இந்த மேடுகள் கற்பனை இல்லை. போய்ப் பார்க்கலாம். எல்லாவற்றிலும் புகழ்பெற்றது போய்ன் ஆற்றங்கரையில் மீத் கவுண்டியில் இருக்கும் ப்ரூ. இன்று நியூகிரேஞ்ச் என்று அறியப்படுவது. கி.மு. 3200 வாக்கில் கட்டப்பட்ட கல்லறை மேடு, குறுக்களவு சுமார் 85 மீட்டர். 19 மீட்டர் நீளமுள்ள கல் நடைபாதை உள்ளறைக்குப் போகிறது. வாசலுக்கு மேலே ஒரு சிறு திறப்பு. குளிர்காலத்தில் சூரியன் திரும்பும் நாளை ஒட்டி, விடியலில் அந்தத் திறப்பு வழியாக வெளிச்சம் நுழைந்து உள்ளறைத் தரைவரை போகும். சுமார் 17 நிமிடம் இருக்கும். தொல்லியலாளர் மைக்கேல் ஓ'கெல்லி 1967 டிசம்பரில் உள்ளே நின்று இதைக் கண்டார். கட்டியவர்கள் என்ன மொழி பேசினார்கள் என்பதற்கு எந்தத் தடயமும் இல்லை. ஐரிஷ் என்று நாம் சொல்லும் மொழி உருப்பெற்றது மிகவும் பின்னால். அதாவது ஷீ என்ற சொல்லைவிட அந்த மேடு பழையது. வந்த மக்கள் முன்பே நின்றிருந்த மேடுகளைப் பார்த்து, இதற்குள் யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். மேட்டின் முன்புறத்தில் ரோமானிய நாணயங்களும் பொன் நகைகளும் கிடைத்திருக்கின்றன. கட்டி மூவாயிரம் ஆண்டு கடந்த பிறகும் அங்கே காணிக்கை வைத்தவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அவை சான்று.

ப்ரூவுக்குச் சொந்தக்காரர் தக்டா. இந்தப் பெயருக்கு நல்ல தெய்வம் என்று பொருள். ஒழுக்கத்தில் நல்லவர் என்பதைவிட எல்லாக் காரியத்திலும் வல்லவர் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அவருக்கும் போவன் என்ற தேவிக்கும் பிறந்தவன் ஏங்கஸ். போவன்தான் போய்ன் ஆறு. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் புவியியல் அறிஞர் தாலமி இந்த ஆற்றை 'பூவிந்தா' என்று குறித்தார். வெண்பசு என்று பொருள் சொல்வார்கள். அதில் பசுவைக் குறிக்கும் முதல் பாதிக்கும் சமஸ்கிருதத்தின் 'கோ'வுக்கும் வேர் ஒன்று.

தெய்வங்கள் மேடுகளைத் தங்களுக்குள் பங்குபோட்டு முடிந்த பிறகு ஏங்கஸ் வருகிறான். அவனுக்கு மிச்சமில்லை. பகலும் இரவும் மட்டும் ப்ரூவில் இருக்க இடம் கொடுங்கள் என்று கேட்கிறான். தக்டா சம்மதிக்கிறார். மறுநாள் கிளம்பச் சொன்னபோது ஏங்கஸ் மறுக்கிறான்: உலகமே பகலும் இரவுமாகத்தானே கழிகிறது, எனக்குக் கொடுத்ததும் அதுதானே? தக்டா வெளியேறுகிறார். பழைய ஐரிஷில் 'ஒரு' என்ற சொல் இல்லாமலே 'ஒரு பகல்' என்று சொல்ல முடியும். அந்த இடைவெளியில்தான் ஏங்கஸ் புகுந்துகொண்டான். ஆங்கிலத்தில் இதைச் சொல்ல அடிக்குறிப்பு போட வேண்டியிருக்கிறது. தமிழில் 'பகலும் இரவும்' என்றாலே தந்திரம் முழுசாக வேலை செய்கிறது. இந்தக் கதைகளை ஆங்கிலத்தின் வழக்கத்துக்குக் கட்டுப்படாமல் தமிழில் சொல்ல வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இது ஒரு காரணம்.

தெய்வங்கள் ஏன் மேட்டுக்குள் போனார்கள்? மீல் என்பவனின் பிள்ளைகள், அதாவது ஐரிஷ் மக்களின் முன்னோர், தீவுக்கு வந்தபோது அங்கே துவஹா டே டனான் என்ற தெய்வக் குலத்தார் ஆண்டுகொண்டிருந்தார்கள். அந்தத் தெய்வங்கள் தோற்ற பிறகு நாடு இரண்டாகப் பிரிந்தது. குறுக்கே கோடு போடவில்லை. மேலே ஒரு பாதி, கீழே ஒரு பாதி. மண்ணுக்கு மேலே மனிதர், மண்ணுக்குக் கீழே தெய்வங்கள். அப்புறம் ஆளுக்கொரு மேடு. மிதிருக்கு லாங்ஃபோர்டு கவுண்டியின் ப்ரீ லேய்த், போவ் டெர்குக்கு டிப்பரெரியின் ஸ்லீவ்னமான் மலை என்று பட்டியல் போகிறது. ஸ்லீவ்னமான் என்ற பெயரை அப்படியே தமிழாக்கினால் பெண்கள் மலை. ஒவ்வொரு இடத்துக்கும் இப்படிப் பெயர்க்காரணக் கதை சொல்லும் தனி இலக்கியமே ஐரிஷில் உண்டு, பெயர் 'டின்ஹனகஸ்'. அதற்குத் தமிழில் தயாராகவே ஒரு சொல் இருக்கிறது: தலபுராணம்.

ரோஸ்காமன் கவுண்டியில் க்ருவகன் அருகே இருக்கும் குகையும் ஒரு ஷீ. சவின் இரவில், அதாவது நவம்பர் பிறக்கும் இரவில், ஷீக்கள் திறந்துகொள்ளும். அந்த இரவில் நேரா என்ற வீரன், அரண்மனை எரிந்து எல்லோரும் வெட்டுண்டு கிடப்பதைக் காண்கிறான். அதைச் செய்த படையின் பின்னாலேயே குகைக்குள் போகிறான். உள்ளே மனைவி அமைகிறாள். அவள்தான் உண்மையைச் சொல்கிறாள்: நீ கண்டது இன்னும் நடக்கவில்லை, போய் எச்சரிக்காவிட்டால் அடுத்த சவினில் நடக்கும். போனால் நம்புவார்களா? காட்டுப் பூண்டு, ப்ரிம்ரோஸ் பூ, பொன்னிறப் பெரணி என்று கோடைக்குரியவற்றைக் கையில் கொண்டுபோகிறான். உள்ளே கோடை, வெளியே குளிர். திரும்பி வந்து பார்த்தால் அவன் விட்டுவந்த கூட்டம் அதே கொப்பரையைச் சுற்றி இன்னும் உட்கார்ந்திருக்கிறது. ஷீக்குள் காலம் வேறு கணக்கில் ஓடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் கதை எனக்குத் தெரியாது.

இப்போது பான்ஷீ. ஐரிஷில் 'பென் ஷீ', மேட்டுப் பெண். பழைய கதைகளில் இது எந்த ஷீயிலிருந்து வரும் பெண்ணுக்கும் பொதுப்பெயர். பின்னாள் நாட்டார் வழக்கில்தான் குடும்பத்தில் சாவு வருமுன் அழுகுரல் எழுப்புபவள் ஆனாள். அவள் யாரையும் கொல்வதில்லை. பழைய குடும்பங்களோடு ஒட்டிய உறவுக்காரி போல, அவர்களுக்காக முன்கூட்டியே ஒப்பாரி வைக்கிறாள். 1014ஆம் ஆண்டு புனித வெள்ளியன்று நடந்த கிளோன்டார்ஃப் போரில் மன்னன் பிரையன் போரு இறந்தான். முந்தைய இரவே ஈவல் தன்னிடம் வந்து மரணத்தை அறிவித்தாள் என்று அவன் சொன்னதாகப் போரைப் பாடும் பழைய நூல் கூறுகிறது. ஈவலின் ஷீ கில்லலோ ஊருக்கு அருகே உள்ள சாம்பல்நிறப் பாறைக்குன்று. அவள் அந்த மன்னனின் குலத்துக்குரியவள்.

சரி, இதற்கெல்லாம் தமிழில் என்ன சொல்? தேவதை என்பதை நான் ஏற்கமாட்டேன். இன்றைய வழக்கில் தேவதை என்றதும் சிறகும் மந்திரக்கோலும் கருணையும்தான் வந்து நிற்கும். ஷீயில் இருப்பவர்கள் மனித உயரம் உள்ளவர்கள், அழகானவர்கள், ஆபத்தானவர்கள். பேய் என்பதும் பொருந்தாது. பான்ஷீயை மோகினி ஆக்குவது இன்னும் மோசம். மயக்குவது அவள் வேலையே இல்லை.

சங்க இலக்கியம் தரும் அணங்கு என்ற சொல்தான் இதற்கு மிக அருகில் வருகிறது. அணங்கு இடத்தில் குடியிருக்கும் சக்தி. 'அணங்குடை நெடுவரை' என்று அகநானூற்றின் 22ஆம் பாட்டு மலையைச் சொல்கிறது. 'அணங்குடை முந்நீர்' என்று 207ஆம் பாட்டு கடலைச் சொல்கிறது. அணங்கு அழகும் தரும், வருத்தவும் செய்யும். குறளில் 'தாக்கணங்கு' என்றே வருகிறது. ஐரிஷிலும் காரணம் தெரியாமல் ஒருவர் சுருண்டு விழுந்தால் ஷீயின் அடி பட்டது என்பார்கள். பிற்காலத் தமிழில் அணங்கு அழகிய பெண் என்ற பொருளுக்குச் சுருங்கிவிட்டது என்ற குறை உண்டு. ஆனால் சொல்லோடு இடத்தையும் சேர்த்துவிட்டால் பழைய பொருள் திரும்பிவிடும். ஆகவே இடத்துக்கு 'அணங்குமேடு', மக்களுக்கு 'மேட்டணங்குகள்', பென் ஷீக்கு 'மேட்டுப் பெண்' என்று எழுதலாம். முதல் முறை ஷீ என்ற ஐரிஷ் சொல்லையும் உடன் வைப்பது நல்லது.

நாட்டுப்புறத்தில் ஷீ என்ற சொல்லையே தவிர்த்து 'நல்ல மக்கள்' என்பவர்களும் உண்டு. அந்த மரியாதை கதையோடு நிற்கவில்லை. 1999இல் கிளேர் கவுண்டியின் லாட்டூனில் புதிய சாலை வரவிருந்த வழியில் ஒரு வெண்முள் மரம் நின்றது. அது மேட்டணங்குகள் கூடும் இடம், வெட்டக்கூடாது என்று கதைசொல்லி எடி லெனிஹன் பிரசாரம் செய்தார். மரத்தை விட்டுவைத்துத்தான் சாலை போடப்பட்டது.

ஒரு எச்சரிக்கை. ஐரிஷ் தொன்மத்தில் வரும் எல்லா மறுவுலகத்தையும் அணங்குமேடு என்று எழுதிவிடக் கூடாது. ஒய்ஷீன் என்ற வீரன் நீவ் என்ற பெண்ணுடன் குதிரையேறிப் போகும் 'டீர் நா நோக்' கடலுக்கு அப்பால் இருப்பது. அதை இளையோர் நாடு என்றே எழுதலாம். 'டெக் டுயின்', அதாவது டொன் என்பவனின் இல்லம், தென்மேற்குக் கடலில் இருக்கும் பாறைத்தீவு. இறந்தவர்கள் போய்ச் சேரும் இடம். ஷீயோ, கல்லறை மேட்டுக்குப் பெயராக இருந்தபோதும், செத்தவர்களின் ஊர் இல்லை. அங்கே விருந்து நடக்கிறது, கல்யாணம் நடக்கிறது, சண்டையும் வருகிறது, நேராவுக்கு ஒரு பிள்ளைகூடப் பிறக்கிறது.