போட்டோ வேறு, படிவம் வேறு

இலங்கையில் ஹட்டன் பக்கம் டைப்செட்டிங் கடை வைத்திருப்பவர்களுக்கு அடிக்கடி வரும் வேலை இது. போனில் எடுத்த படிவத்தைக் காட்டி, "அண்ணே, இத வேர்டுல மாத்தித் தாங்க, பேர மட்டும் மாத்தி மாத்தி பிரிண்ட் எடுக்கணும்" என்பார்கள். தோட்டத்து மரண உதவிச் சங்கம், கோயில் கமிட்டி, டியூஷன் ஆசிரியர் என எல்லோருக்கும் இதே தேவைதான். சிலர் ஏதோவோர் இலவசத் தளத்தில் அந்தப் போட்டோவை (ஜேபெக் கோப்பை) ஏற்றி, வேர்டின் வார்ப்புருவான, அதாவது மாதிரிப் படிவமான டொட் கோப்பாக இறக்கிக்கொண்டே வருவார்கள். திறந்து பார்த்தால் அதே போட்டோ தாளில் ஒட்டியிருக்கும். ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

ஜேபெக் என்பது வெறும் நிறப்புள்ளிகள். அதில் எது எழுத்து, எது கோடு என்று கோப்புக்குத் தெரியாது. எழுத்தாக்க வேண்டுமானால் ஓசிஆர், அதாவது படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தரும் மென்பொருள் வேண்டும். கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி கூகுள் டொக்ஸில் திறந்தால் தமிழையும் படித்துத் தரும். ஆனால் படம் நன்றாக இருக்க வேண்டும். ஜேபெக் முறை படத்தை 8க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத நுணுக்கங்களைக் கழித்துவிடுகிறது. வட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் இன்னும் சுருங்கும். அதில் முதலில் அடிபடுவது நம் மெய்யெழுத்துப் புள்ளிதான். 'விண்ணப்பம்' என்பது 'விணணபபம' என்று வந்து நிற்கும். அதனால் வட்ஸ்அப்பில் 'டொகுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். ஸ்கேன் செய்வதென்றால் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும்.

எழுத்துப் பிழையாவது கண்ணில் படும், இலக்கப் பிழை படாது. நம் 12 இலக்க அடையாள அட்டை எண்ணில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூடும். அந்த மூன்றில் ஒரு 1, 7 ஆனால் பிறந்த திகதியே மாறிவிடும்.

உண்மையைச் சொன்னால், ஒரு பக்கப் படிவத்துக்கு ஓசிஆர் வீண் அலைச்சல். பிழை திருத்தும் நேரத்தில் புதிதாகவே அடித்துவிடலாம். பொதுத் தரமான யுனிகோட் எழுத்திலேயே அடியுங்கள். ஓசிஆரில் வந்த தமிழைப் பழக்கதோஷத்தில், யுனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவுக்கு மாற்றினால் சரிவராது. பெயர், முகவரிக்குப் புள்ளிக்கோடு போட்டால், நிரப்பும்போது புள்ளிகள் தள்ளிக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடும். அந்த இடத்தில் அட்டவணை போட்டு, கீழ்க்கோட்டை மட்டும் வைத்து மற்றக் கோடுகளை நீக்கிவிடுங்கள். அப்புறம் வேர்டின் புதிய வார்ப்புரு வடிவமான டொட்எக்ஸ் ஆகச் சேமியுங்கள். அதை இரட்டைச் சொடுக்கில் திறக்கும்போது புதிய ஆவணம்தான் வரும், மூலம் அப்படியே இருக்கும். அரச முத்திரை, கையொப்பம் உள்ள படத்தை வார்ப்புருவில் வைத்துத் தரச் சொன்னால் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவேன்.

இதைவிடக் கவலை தருவது, நிரப்பிய படிவத்தையே அந்த இலவசத் தளங்களில் ஏற்றுவது. பெயர், லய (தோட்டத்து வரிசை வீட்டு) முகவரி, அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எல்லாம் ஒரே தாளில் இருக்கும். நமக்குத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இலேயே நிறைவேறிவிட்டது. ஆனால் எந்த நாட்டுச் சேர்வரில் போய் உட்கார்ந்தது என்று தெரியாத படத்தை யாரிடம் போய்க் கேட்பது? கூகுளாக இருந்தாலும் வெற்றுப் படிவத்தை மட்டும் ஏற்றுங்கள். வெற்றுப் படிவம் கையில் இல்லையென்றால், நிரப்பியதன் போட்டோ கொப்பியில் விபரங்களை வெள்ளைத் தாளால் மறைத்து ஸ்கேன் செய்யுங்கள்.

இறக்கிய கோப்பிலும் ஒரு கண் வேண்டும். பழைய டொட், புதிய டொட்எம் கோப்புகளுக்குள் மெக்ரோ, அதாவது தானாக இயங்கக்கூடிய சிறு நிரல் இருக்கலாம். 1999இல் பரவிய மெலிஸா வைரஸ் வேர்டின் நோர்மல் டொட் வார்ப்புருவிலேயே புகுந்துகொண்டது. டொட்எக்ஸில் மெக்ரோவைச் சேமிக்க முடியாது. ஆகவே சாதாரண சந்தாப் படிவம் ஒன்றைத் திறக்கும்போது 'எனேபிள் கன்டென்ட்' என்று மஞ்சள் பட்டை வந்தால் அதை அழுத்தாமல், கோப்பை மூடி அழித்துவிடுங்கள்.