முதலில் பேசுபவர் சொன்னதே ஏன் முடிவாகிறது?

ராதாபுரம் பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் வேலை செய்யும் ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "காத்தாடி ஒன்று நின்றுபோனால் காலையில் எல்லோரும் உட்கார்ந்து காரணம் பேசுவோம். எங்கள் சீனியர் அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போடும்போதே 'கியர்பாக்ஸ்தான் வே, எழுதிக்கிடும்' என்பார். அதுவே முடிவாகிவிடும். மேலே ஏறிப் பார்த்தால் பல நேரம் ஏதாவது ஒரு சென்சார் போயிருக்கும். ஆனாலும் அடுத்த முறையும் அவர் பேச்சுதான் எடுபடுகிறது. கேட்டால், அவருக்குச் சிம்ம ராசி என்கிறார்கள். அறிவியல் என்ன சொல்கிறது?"

ராசியை முதலில் முடித்துவிடுவோம். சந்திரன் ஒரு ராசியில் ஏறக்குறைய இரண்டேகால் நாள் இருக்கிறது. அந்த இரண்டேகால் நாளில் நெல்லைச் சீமை முழுவதும் பிறந்த அத்தனை குழந்தைகளுக்கும் ஒரே ராசிதான். அத்தனை பேரும் வளர்ந்து மீட்டிங்கில் அதட்டினால் நாடு தாங்காது.

ஜோசியரை மட்டும் சொல்வதும் நியாயமில்லை. நிறுவனங்கள் ஹோட்டலில் ஹால் பிடித்து, ஆட்களை நான்கு வகையாகப் பிரித்து, "நீங்கள் ஆதிக்க வகை" என்று சான்றிதழ் கொடுக்கிற பயிலரங்குகளும் இருக்கின்றன. அந்த நான்கு வகையின் மூலம், அமெரிக்கரான வில்லியம் மார்ஸ்டன் 1928-இல் முன்வைத்த கருத்து. ரத்த அழுத்தத்தை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்க முயன்றவர் அவர். 1941-இல் 'வொண்டர் வுமன்' என்ற சித்திரக்கதை நாயகியைப் படைத்தவரும் அவரே. சுவையான மனிதர்தான். ஆனால் இன்றைய ஆளுமை ஆய்வு ஆட்களை அப்படிப் பெட்டி பெட்டியாக அடுக்குவதில்லை. அடித்துப் பேசும் குணம் உயரத்தைப் போன்றது: எல்லோரிடமும் கொஞ்சம் உண்டு, பெரும்பாலோர் நடுவில் இருப்பார்கள், சிலர் இரு ஓரங்களிலும் நிற்பார்கள். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனுக்கு இதில் பங்கு உண்டா என்றால், மனிதர்களிடம் காணப்படும் தொடர்பு பலவீனமானது. அதை விடுவோம்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. 2009-இல் கேமரன் ஆண்டர்சன், கேவின் கில்டஃப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். முன்பின் தெரியாதவர்களை நால்வர் குழுக்களாக உட்காரவைத்து, மேலாண்மை நுழைவுத்தேர்வில் வந்த கணக்குகளைச் சேர்ந்து போடச் சொன்னார்கள். யாருக்கு எவ்வளவு ஆதிக்க குணம் என்பதை முன்பே அளந்துவைத்திருந்தார்கள்; பழைய கணக்கு மதிப்பெண்களையும் வாங்கிவைத்திருந்தார்கள். எல்லாம் வீடியோவில் பதிவானது.

ஆதிக்க குணம் கூடியவர்களைத்தான் 'கணக்கில் கெட்டிக்காரர்' என்று குழு மதிப்பிட்டது. உண்மையில் அவர்கள் மற்றவர்களைவிடக் கெட்டிக்காரர்களாக இல்லை. பிறகு எதில் முந்தினார்கள்? விடையை முதலில் சொன்னார்கள், அடிக்கடி சொன்னார்கள், அவ்வளவுதான். வீடியோவை அலசியபோது இன்னொன்றும் தெரிந்தது. 94 சதவீதக் கணக்குகளில், யாரோ ஒருவர் முதன்முதலாகச் சொன்ன விடையே குழுவின் இறுதி விடையாக இருந்தது!

மிரட்டல் இல்லை, மேசையைத் தட்டவில்லை, யாருக்கும் யாரும் மேலதிகாரியும் இல்லை. அப்படியிருந்தும் மற்ற மூவரும் மனதார நம்பியே அந்த விடையை ஏற்றிருக்கிறார்கள். ஒருவருடைய தலைக்குள் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று நம்மால் பார்க்க முடியாது. குரலையும், தயங்காத வாக்கியத்தையும், நேராகப் பார்க்கும் கண்ணையும்தான் பார்க்க முடிகிறது. தெரிந்தவர் தயங்காமல் பேசுவார் என்பது பெரும்பாலும் சரி. அதை மூளை திருப்பிப் போட்டு, தயங்காமல் பேசுகிறவருக்குத் தெரிந்திருக்கும் என்று வைத்துக்கொள்கிறது.

அப்புறம் இரண்டாவது ஆள் யோசிக்கிற விதமே மாறிப்போகிறது. 'கியர்பாக்ஸ்' என்ற சொல் காதில் விழுவதற்கு முன் அவர் மனதில் இருந்த கேள்வி, காத்தாடி ஏன் நின்றது என்பது. விழுந்த பிறகோ, கியர்பாக்ஸாக இருக்குமா இருக்காதா என்பதுதான் கேள்வி. ட்வெர்ஸ்கி, கானமன் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1974-இல் விவரித்த சோதனை இதற்குப் பக்கத்தில் வரும். ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டு, அதில் விழுந்த எண்ணைக் காட்டிவிட்டு, ஐ.நா. சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். 10 விழுந்ததைப் பார்த்தவர்கள் சொன்ன விடைகளின் நடுமதிப்பு 25. 65 விழுந்ததைப் பார்த்தவர்களுக்கு 45. சக்கரத்துக்கும் ஐ.நா.வுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியும் இழுத்துவிட்டது. சக்கரத்துக்கே இந்த இழுப்பு என்றால், இருபது வருட அனுபவம் உள்ள அண்ணாச்சியின் குரலுக்குக் கேட்கவா வேண்டும்.

அடித்துப் பேசுவது ஒன்று, ஆளை மிதிப்பது வேறு. 2020-இல் ஆண்டர்சனும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு, கல்லூரி நாளில் ஆளுமை அளக்கப்பட்டவர்களை ஏறத்தாழ 14 ஆண்டுகள் கழித்து வேலையிடத்தில் பார்த்தது. சுயநலமும் சண்டைக்குணமும் உள்ளவர்கள் அதனால் மேலே போய்விடவில்லை. மிரட்டலால் கிடைத்த லாபத்தை, நல்லுறவு இல்லாத நஷ்டம் விழுங்கியிருந்தது.

இங்கே எனக்கு ஒரு ஆதங்கம். சோதனைகளில் பெரும்பாலும் உட்கார்ந்தவர்கள் அமெரிக்க மாணவர்கள். வயதுக்கு மரியாதை, அண்ணாச்சி என்ற உறவு, பேசுபவர் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்ற கணக்கு எல்லாம் ஓடுகிற நம் கூட்டங்களில் அந்த 94 இன்னும் ஏறுமா, இறங்குமா? கங்கைகொண்டானிலிருந்து காவல்கிணறு வரை தொழிற்கூடங்கள் இருக்கின்றன, அபிஷேகப்பட்டியில் பல்கலைக்கழகமே இருக்கிறது. இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை: ஒரு கேமரா, பொறுமையாக எண்ண இரண்டு மாணவர்கள். பயிலரங்கு ஹால் வாடகையில் பாதியை யாராவது இதற்குக் கொடுக்கலாம்.

சரி, வாசகிக்கு. உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950-களில் கோடுகளின் நீளத்தை வைத்துச் செய்த சோதனையில், கூட இருந்த மற்ற எல்லோரும் முன்பே சொல்லிவைத்தபடி தவறான விடை சொன்னபோது, தெரிந்தே ஒத்து ஊதியவர்கள் நிறையப் பேர். அதே கூட்டத்தில் ஒரே ஒருவர் மட்டும் சரியான விடை சொன்னதும், அப்படி வழுக்கி விழுவது கால்வாசியாகக் குறைந்தது. எனவே காலையில் யாரும் வாய் திறப்பதற்கு முன், ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் அவரவர் நினைக்கும் காரணத்தை எழுதிவிடுங்கள், அண்ணாச்சி உட்பட. எல்லாவற்றையும் ஒரே ஆள் வாசிக்கட்டும். பெயர் போட வேண்டாம். கையெழுத்தை வைத்தே அண்ணாச்சி ஆளைக் கண்டுபிடித்துவிடுவார் என்று பயந்தால், வாசிக்கிற வேலையை அவருக்குக் கொடுக்காதீர்கள்.