உறைக்குள் இருந்த ஒற்றை எழுத்து

“பலன் தரும் என்ற நம்பிக்கை வந்த பிறகுதானே ஒரு மருந்தை மனிதர்களிடம் சோதிக்கிறார்கள்? அப்படியிருக்கப் பாதிப் பேருக்கு அதைக் கொடுக்காமல் விடுவது என்ன நியாயம்?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஆய்வகத்தில் கிருமியைக் கொன்று, விலங்குகளிடம் தேறி, மனிதர்களிடம் சோதிக்கும் நிலையை எட்டிய மருந்துகளிலும் ஏறத்தாழப் பத்தில் ஒன்றே கடைசியில் மருந்துக்கடைக்கு வந்து சேர்கிறது. மீதி ஒன்பதையும் நம்பித்தான் தொடங்கினார்கள்.

மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து 1943-இல் அமெரிக்காவில் பிரித்தெடுக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின், காசநோய்க் கிருமியைக் கொன்றது. ஆயினும் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு எச்சரிக்கையாகவே இருந்தது. காசநோய் சிலருக்குத் தானாகவே தணிவதுண்டு. தணிந்தால், அப்போது எதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாரோ அதற்குப் பெயர் போய்ச் சேரும். தங்க உப்புகளை ஊசியாகப் போடும் சிகிச்சை, முறையான சான்று எதுவும் இல்லாமல், பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அப்படித்தான் கொடிகட்டிப் பறந்தது. போருக்குப் பிந்தைய பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசின் எல்லோருக்கும் போதுமான அளவில் கிடைக்கவும் இல்லை. ஆகவே 107 நோயாளிகளில் 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு அன்றைய வழக்கமான சிகிச்சையான படுக்கை ஓய்வு மட்டும் என்று முடிவாயிற்று.

யாருக்கு எது என்பதை எப்படித் தீர்மானிப்பது? ஒருவர் விட்டு ஒருவர் என்று கொடுத்தால் போதாதா என்று தோன்றும். போதாது. அடுத்த இடம் மருந்துக்குரியது என்று தெரிந்தால், இரக்கமுள்ள மருத்துவர் தம்மை அறியாமலே பிழைக்கக்கூடிய இளைஞரை அந்த இடத்துக்கு நகர்த்திவிடுவார். புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் இந்த ஓட்டையை ஓர் உறையால் அடைத்தார். ஒழுங்கற்ற எண்களின் அட்டவணைப்படி, ‘எஸ்’ (ஸ்ட்ரெப்டோமைசின்) அல்லது ‘சி’ (மருந்தின்றி ஒப்பிட்டுப் பார்க்கும் பிரிவு) என்று குறித்த அட்டைகள் உறைகளில் ஒட்டி மூடப்பட்டன. வெளியே மருத்துவமனையின் பெயரும் ஓர் எண்ணும் மட்டுமே இருந்தன. நோயாளியைச் சேர்த்துக்கொள்வதாக முடிவெடுத்த பிறகே உறை பிரிக்கப்பட்டது.

நம் ஊரில் பூக்கட்டிப் பார்ப்பதை ஒத்த ஏற்பாடு இது. சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் தனித்தனியே மடித்த பொட்டலங்களில் ஒன்றை ஒரு குழந்தை எடுக்கும். எடுத்தது தெய்வத்தின் சித்தம் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் உள்ளே இருப்பதை அறியாத கை எடுக்க வேண்டும் என்று எண்ணியவரின் கூர்மையை வியக்கிறேன். (விரும்பிய பூ வராவிட்டால் மறுபடியும் கட்டிப் பார்ப்பவர்கள் உண்டு, மருந்துச் சோதனையில் அந்தச் சலுகை கிடையாது.) உறையின் சிறப்பு, அதில் எவருடைய சித்தமும் இல்லை என்பதே. வயது, நோயின் தீவிரம் போன்று நமக்குத் தெரிந்த வேறுபாடுகளோடு, நாம் பெயர்கூட வைத்திராத வேறுபாடுகளும் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகப் பிரிந்துவிடும். நமக்குத் தெரியாத ஒன்றையும் சரிசெய்துவிடும் இப்படியொரு கருவி அறிவியலில் வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்களில் 4 பேரும், பெறாதவர்களில் 14 பேரும் இறந்திருந்தனர். எக்ஸ்ரே படங்களைப் படித்தவர்களுக்கும் எது யாருடையது என்று சொல்லப்படவில்லை. மருந்து பெறாதவர்களிடம், தாங்கள் ஒரு சோதனையில் இருப்பதையே தெரிவிக்கவில்லை என்பது அந்த ஆய்வின் கறை. இன்று பொதுவாக எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் யாரையும் சேர்க்க முடியாது. ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது மருந்து பெற்றவர்களிலும் 32 பேர் இறந்திருந்தார்கள். மற்றவர்களில் 35 பேர். கிருமி அந்த ஒற்றை மருந்துக்குப் பழகிவிட்டிருந்தது. மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் இன்றைய முறை அந்தப் பாடத்திலிருந்துதான் வலுப்பெற்றது.

கொரோனா காலத்தில் வீதிதோறும் வழங்கிய கபசுரக் குடிநீரையும் இதே உறைக்குள் வைத்துச் சோதிக்க வேண்டும் என்று சொன்னால், சித்த மருத்துவத்தை அவமதிப்பதாக நண்பர்கள் கோபிக்கிறார்கள். என்னைக் கேட்டால் சோதிப்பதுதான் மரியாதை. காப்புரிமை இல்லாத கஷாயத்துக்கு எந்த நிறுவனமும் பெருஞ்செலவு செய்யாது. அந்தச் செலவை அரசுதான் ஏற்க வேண்டும்.

பொதுப்பணத்தில் நடந்த அத்தகைய ஆய்வு சென்னைக்குப் புதிதன்று. காசநோயாளிக்கு ஓய்வும் காற்றும் பாலும் முட்டையும் இன்றியமையாதவை, ஆகவே சானடோரியம் எனும் காசநோய் மருத்துவமனையே கதி என்று உலகமே நம்பிய 1956-இல், சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்தது. மருந்துகள் இரு பிரிவுக்கும் ஒன்றே. ஒரு பிரிவினர் சானடோரியத்தில் தங்கினர், மற்றவர்கள் நெரிசலான தம் வீடுகளிலேயே இருந்தனர். வீட்டில் இருந்தவர்கள் மாத்திரையை விழுங்குகிறார்களா என்று அறிய, ஊழியர்கள் முன்னறிவிப்பின்றிச் சென்று சிறுநீரை வாங்கிச் சோதித்தார்கள். ஓராண்டு முடிவில் சானடோரியத்துக்காரர்களின் உடல் எடை கூடுதலாகத்தான் ஏறியிருந்தது. கண்ணால் மட்டும் பார்ப்பவர் அவர்களே நன்றாகக் குணமானவர்கள் என்று சத்தியம் செய்திருப்பார். சளியைச் சோதித்தபோதோ இரு பிரிவினருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. நோயாளியோடு ஒரே அறையில் படுத்துறங்கிய வீட்டாரையும் தொடர்ந்து கண்காணித்தார்கள். சானடோரியத்துக்குப் போனவர்களின் குடும்பங்களைவிட அவர்களிடம் நோய் அதிகமாகப் பரவியிருக்கவில்லை.