பட்டாளத்துல இருந்து லீவ்ல வந்தவரை உலுக்கி எழுப்பாதீங்க

இந்த வருஷத்துல இது மூணாவது கேஸ், அதான் கிளினிக்கை மூடிட்டு ராத்திரி உக்காந்து டைப் பண்றேன். தண்டையார்பேட்டையில மனநல டாக்டரா இருக்கேன், ஆள் அடையாளம் தெரியாத மாதிரி சிலது மாத்தியிருக்கேன்.

அந்தம்மாவுக்கு வலது மணிக்கட்டுல மாவுக்கட்டு. விடியக்காலை நாலரைக்கு மெட்ரோ வாட்டர் வந்திருக்கு, அடிபம்புல அடிக்க ஒருத்தர் குடம் மாத்த ஒருத்தர் வேணும், காஷ்மீர்ல இருந்து லீவ்ல வந்து ரெண்டாவது வாரம் ஆன வீட்டுக்காரரை தோளைப் புடிச்சு உலுக்கி எழுப்பியிருக்காங்க. அவர் கண்ணு முழிக்கறதுக்குள்ள அவர் கை இவங்க மணிக்கட்டை முறுக்கிடுச்சு. முழிச்சுப் பாத்துட்டு அவர்தான் முதல்ல அழுதாராம்.

அதெல்லாம் கூட பரவால்ல, கூட வந்த மாமியார் சொன்னதுதான் எனக்கு ஏறிடுச்சு. "இன்னா டாக்டர், பட்டாளத்துக்காரனுக்கு பயமா? எம்புள்ள இன்னா தொடைநடுங்கியா?"

அம்மா, இது பயம் இல்ல. எத்தன தடவ சொன்னாலும் யாருக்கும் ஏற மாட்டேங்குது. அங்க சின்ன சத்தம் கேட்டா அரை செகண்ட்ல எழுந்து நிக்கிறவன்தான் உசுரோட இருப்பான், அப்படி எழுந்திருக்கத்தான் மாசக்கணக்கா அந்த ஒடம்பைப் பழக்கியிருக்காங்க, அது கோழைத்தனம் இல்ல, கத்துக்கிட்ட தொழில். ஜம்முல ரயில் ஏறினா சென்ட்ரல்ல எறங்கும்போதே அந்தப் பழக்கமும் எறங்கிடுமா? காசிமேட்டுல கேளுங்க, பத்து நாள் கடல்ல இருந்துட்டு கரை ஏறினவருக்கு வீட்டுத் தரையே ஆடற மாதிரி இருக்கும். அவரைப் பாத்து தரைக்கு பயப்படறாருன்னு யாராவது சொல்லுவீங்களா? கால் இன்னும் போட்லயே நிக்குதுன்னு புரிஞ்சுப்பீங்கல்ல, இதுவும் அதேதான், என்ன, இது எறங்க நாள் புடிக்கும்.

இன்னொரு கூட்டம் இருக்கு, "இதெல்லாம் இப்ப வந்த ஃபேஷன் வியாதி, எங்க காலத்துல இல்ல"ன்னு. முதல் உலகப்போர்ல ஜெர்மன்காரங்களோட எம்டன் கப்பல் நம்ம ஹார்பர் பக்கம் எண்ணெய் டாங்கியில குண்டு போட்டது 1914 செப்டம்பர் 22. அடுத்த வருஷம் 1915லயே, சண்டைக்குப் போன சிப்பாய்ங்களுக்கு வர்றதை 'ஷெல் ஷாக்'னு பேர் போட்டு டாக்டருங்க எழுதிட்டாங்க. பேர்தான் மாறிட்டே வந்திருக்கு.

பொதுவா முதல் வாரம் நல்லாத்தான் போகும், பிரியாணி, சொந்தக்காரங்க, கோயில். ரெண்டாவது வாரம்தான் ஆரம்பிக்கும். இவ்ளோ நாள் ஈபி பில்லு, சிலிண்டர், புள்ள ஃபீஸ் எல்லாம் தனியா பாத்த பொண்டாட்டிய இவர் வந்து "ஏன் இங்க வெச்ச, ஏன் என்னைக் கேக்கல"ன்னு விரட்டுவாரு, புள்ளை யாரோ மாமா வந்த மாதிரி அம்மா முந்தானைக்குப் பின்னாடி நிக்கும். இதுல பாதி வியாதியே கிடையாது. வீடு இவர் இல்லாம ஓடக் கத்துக்கிச்சு, அவ்ளோதான். புள்ளைய புடிச்சு மடியில திணிக்காதீங்க, அதுவா வரட்டும்.

ரீல்ஸ் பாத்துட்டு சர்ப்ரைஸ் குடுக்கறதை விடுங்க ப்ளீஸ். தெருமுனையில சரவெடி கொளுத்தி வரவேற்கறதும் வேணாம். ஆர்மியில ஜவானுங்களுக்கு வருஷத்துக்கு 60 நாள் ஆனுவல் லீவ், அதுபோக 30 நாள் கேஷுவல் லீவ், அதையும் ஒரேடியா தர மாட்டாங்க, அந்த நாளையும் சொந்தக்காரங்க விருந்துக்கே எழுதி வெச்சா மனுஷன் எப்பதான் தூங்குவான்? அப்புறம் அந்த மிலிட்டரி சரக்கு. ஏரியாவே வாசல்ல நிக்குது. குடிச்சா தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், ராத்திரி பாதியில கலைஞ்சு கெட்ட கனவுதான் கூடும், தூக்க மாத்திரையோட சேர்த்தா உசுருக்கே ஆபத்து, மெடிக்கல் ஷாப்ல நீங்களா வாங்கிக் குடுக்காதீங்க. கல்யாணம் ஆகாதவனா இருந்தா "கால்கட்டு போட்டா சரியாயிடும்"னு பொண்ணு பாக்க கிளம்பிடறாங்க, அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சுங்க?

ஒண்ணு கறாரா சொல்லிடறேன். தூக்கத்துல கை ஓங்குறது வேற, முழிச்சிட்டு இருக்கும்போது அடிக்கறது வேற. ரெண்டாவதுக்கு மிலிட்டரின்னு சாக்கு சொல்லாதீங்க, பெண்கள் உதவி எண் 181க்கு போன் போடுங்க.

கெட்ட கனவு, தூக்கமின்மை, சத்தம் கேட்டா தூக்கிவாரிப் போடறது, யார்கிட்டயும் ஒட்டாம இருக்கறது, இதெல்லாம் ஒரு மாசம் தாண்டியும் குறையலன்னா கண்டிப்பா டாக்டர பாருங்க. சாகணும்னு பேச்சு வந்தா மாசக்கணக்கு பாக்காதீங்க, அன்னிக்கே கூட்டிட்டு வாங்க. டெலி மானஸ்னு கவர்மென்ட்டோட மனநல உதவி போன் இருக்கு, நம்பர் 14416, ராத்திரி பகல் எப்பவும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. மெடிக்கல் கேட்டகிரி, அதான் ஆர்மியில ஒடம்புத் தகுதிக்குப் போடற கிரேடு, எறங்கிடும்னு மறைக்கிறாங்க, அந்த பயம் எனக்குப் புரியுது, ஆனா மறைச்சுட்டு துப்பாக்கியோட போஸ்ட்ல போய் நிக்கிறது அதவிட மோசம்.

அந்தம்மாகிட்ட, எழுப்பணும்னா தொடாதீங்க, லைட்டைப் போட்டு கட்டில்ல இருந்து தள்ளி நின்னு பேர் சொல்லிக் கூப்பிடுங்கன்னேன். "பேர் சொல்லியா டாக்டர்?"னு வெக்கப்பட்டு சிரிச்சாங்க. போன வாரம் மாவுக்கட்டு பிரிச்சுட்டு வந்தாங்க. இப்ப தண்ணி வந்தா மாமியார்தான் வாசப்படியில நின்னு பேர் சொல்லிக் கத்துறாங்களாம், அவர் எழுந்து பம்பு அடிக்கிறாராம்.